பயிற்சி கொடுத்தவரே மதிப்பெண் போடலாமா?

வாசகி கடிதம்:

நான் திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஏழு வருடமாக பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். பக்கவாதம் வந்தவர்களுக்கு ஒரு புதுவிதக் கைப்பயிற்சி உதவுகிறதா என்று பார்க்க எங்கள் நியூராலஜி டாக்டர் ஓர் ஆய்வு தொடங்குகிறார். பாதிப் பேருக்கு வழக்கமான பயிற்சி, மீதிப் பேருக்கு அதோடு புதுப் பயிற்சியும். இரண்டு குழுவுக்கும் நான்தான் பயிற்சி கொடுக்க வேண்டுமாம். மூன்று மாதம் கழித்துக் கை எவ்வளவு தேறியிருக்கிறது என்று மதிப்பெண் போடுவதும் நான்தான். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவதையும் என்னிடமே கொடுத்திருக்கிறார். 'உங்ககிட்டதான் பேஷன்ட்ஸ் நல்லா பேசுவாங்க' என்கிறார். தனிச் சம்பளம் பற்றிப் பேச்சே இல்லை. கூட வேலை பார்ப்பவர்கள், 'டாக்டர் பேப்பர் போடுவார், நீ ஃபார்ம் நிரப்புவே' என்று கேலி செய்கிறார்கள். ஆராய்ச்சியில் எங்களைப் போன்றவர்களுக்கு உண்மையில் இடம் இருக்கிறதா? நான் சரி என்று சொல்லலாமா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருநெல்வேலி)

சகோதரிக்கு,

சரி என்றே சொல்லுங்கள். ஆனால் இப்போது கேட்டிருக்கிற முறையில் வேண்டாம். ஒப்புதல் வாங்குவது, பயிற்சி கொடுப்பது, கடைசியில் அளப்பது, மூன்றையும் ஒரே ஆள் செய்வதாக இருந்தால் அந்த ஆய்வு தொடங்கும்போதே பாதி கெட்டுவிட்டது. உங்கள் டாக்டர் மேல் குறை சொல்லவில்லை. ஆள் பற்றாக்குறை உள்ள இடங்களில் நல்ல மனதோடு செய்யப்படுகிற தவறு இது. நானும் செய்திருக்கிறேன். அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அப்போது 28 வயது. புகையிலும் தூசியிலும் நுரையீரல் கெட்டு மூச்சிரைப்போடு வருபவர்களுக்கு ஒழுங்கான பயிற்சி கொடுத்தால் நடை தேறுகிறதா என்று ஓர் ஆய்வு. காலையில் பயிற்சி கொடுப்பவன் நான். குறித்த நாளில் ஆறு நிமிட நடைச் சோதனை எடுப்பவனும் நான். உங்களுக்குத் தெரிந்த சோதனைதான். 30 மீட்டர் வராந்தா, இரண்டு முனையிலும் அடையாளத்துக்கு ஒரு கூம்பு, கையில் ஸ்டாப்வாட்ச். ஆறு நிமிடத்தில் ஆள் எத்தனை மீட்டர் நடக்கிறார் என்று குறிக்க வேண்டும்.

அன்று முதலில் வந்தவர் ஒரு தையல்காரர், பயிற்சிக் குழுவைச் சேர்ந்தவர். நான்காவது நிமிடத்தில் தளர்ந்தார். 'அண்ணாச்சி, இன்னும் ரெண்டு சுத்துதான், விட்றாதீங்க' என்று பக்கத்திலேயே நடந்தேன். எனக்காக அந்த மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். அடுத்து வந்தவர் பயிற்சி இல்லாத குழு. அவருக்கு நான் வாயே திறக்கவில்லை. வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேண்டுமென்று செய்யவில்லை. செய்தேன் என்பதே எனக்குத் தெரியாது.

ஆய்வுக்குப் புள்ளியியல் பார்த்த அம்மா ஒருவர் அன்று வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எல்லாம் முடிந்தபிறகு, 'முதல் ஆளுக்கு மட்டும் ஏன் தம்பி குரல் கொடுத்தீங்க?' என்று கேட்டார். அவ்வளவுதான். அதுவரை நான் எடுத்திருந்த 19 பேரின் அளவுகளும் செல்லாது என்று ஒதுக்கப்பட்டன. அத்தனை பேரும் பஸ் ஏறி வந்து, மூச்சு வாங்க வாங்க நடந்துகாட்டியவர்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

நான் மீறிய விதி ஒன்றும் ரகசியமில்லை. அமெரிக்கன் தொராசிக் சொசைட்டி 2002-இல் வெளியிட்ட வழிமுறையிலேயே இருக்கிறது. சோதனை எடுப்பவர் நோயாளியின் கூடவே நடக்கக் கூடாது. ஒவ்வொரு நிமிடமும் முடிந்ததும் சொல்ல வேண்டிய வாசகம் இன்னது என்று வரையறுத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் அதே வாசகம், அதே குரல். அதன்பிறகு நாங்கள் அந்த வாசகங்களைத் தமிழில் எழுதி ஓர் அட்டையில் ஒட்டினோம். 'நல்லா நடக்கிறீங்க, இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு.' அடுத்த நிமிடம் அடுத்த வரி. நடுவில் ஒரு 'சபாஷ்'கூடக் கிடையாது. வராந்தா நீளத்திலும் விளையாடக் கூடாது. 30 மீட்டருக்குப் பதில் 15 மீட்டரில் நடக்கவிட்டால் திரும்புகிற தடவை இரட்டிப்பாகிறது, நடக்கிற தூரம் குறைகிறது. நோயாளி அதே நோயாளிதான், நுரையீரலும் அதேதான். எண் மட்டும் மாறிவிடும்.

இப்போது உங்கள் ஆய்வுக்கு வருவோம். கைக்கு மதிப்பெண் என்று எழுதியிருப்பதால் ஃபியூகல்-மேயர் அளவையாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். கைக்கு 33 அசைவுகள், ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2, மொத்தம் 66. பூஜ்யத்தில் யாருக்கும் சந்தேகம் வராது, அசையாத கை அசையாத கைதான். தகராறெல்லாம் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில். முழங்கை கிட்டத்தட்ட நீள்கிறது, ஆனால் தோள் லேசாகத் தூக்குகிறது. இது 1-ஆ, 2-ஆ? மூன்று மாதம் நீங்களே பிடித்துப் பிடித்து நீட்டிவிட்ட கை அது. 'அம்மா, இப்ப டம்ளரப் பிடிக்கிறேன் பாருங்க' என்று அவர் சிரிக்கும்போது உங்கள் பேனா 2 பக்கம்தான் சாயும். இன்னொரு ரகமும் உண்டு. பாரபட்சம் காட்டிவிடுவோமோ என்று பயந்து, தன் நோயாளிகளுக்கே கஞ்சத்தனமாக 1 போடுகிற ரகம். இரண்டுமே கோணல்தான். 33 அசைவில் நாலைந்து இப்படிச் சாய்ந்தால் போதும், ஒன்றுமில்லாத பயிற்சி பலனுள்ளதாகத் தெரியும், பலனுள்ளது மறைந்துபோகும். நெல்லை விற்பவரே படியைப் பிடித்து அளந்தால் வாங்குபவர் ஒத்துக்கொள்வாரா?

அதனால்தான் எந்த நோயாளி எந்தக் குழு என்று தெரியாத ஒருவர் அளக்க வேண்டும் என்கிறார்கள். மருந்துச் சோதனையில் இது சுலபம், ஒரே மாதிரி மாத்திரை கொடுத்துவிடலாம். நம் தொழிலில் பயிற்சி கொடுப்பவரின் கண்ணைக் கட்ட முடியாது, நோயாளியின் கண்ணையும் கட்ட முடியாது. மிச்சம் இருப்பது அளப்பவர் ஒருவர்தான். அவரையும் விட்டுவிட்டால் ஆய்வில் பிடிமானமே இல்லை.

உங்கள் தோழிகளின் கேலிக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஆய்வின் முடிவு என்று கடைசியில் அச்சாகிற எண், பல ஆய்வுகளில் டாக்டரின் கையிலிருந்து வருவதில்லை. உங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த உதாரணம் ஒன்று. வயலில் வேலை செய்யும்போது கண்ணில் நெல் தூசியோ இலையோ பட்டுப் பூஞ்சைப் புண் வருகிறதே, அதற்கு நாட்டாமைசின் சொட்டு மருந்தா, வோரிகோனசோல் சொட்டு மருந்தா என்று அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 323 பேரை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. 2013-இல் வெளியானது. பழைய மருந்தான நாட்டாமைசின்தான் ஜெயித்தது. எதை வைத்து ஜெயித்தது என்று சொன்னார்கள் தெரியுமா? மூன்றாவது மாதம் சரியான கண்ணாடி போட்டுப் பார்க்கும்போது பார்வை அட்டையில் எத்தனை வரி படிக்க முடிகிறது என்பதை வைத்து. வித்தியாசம் சராசரியாகக் கிட்டத்தட்ட இரண்டு வரி. அந்த அட்டையின் முன்னால் நோயாளியை உட்காரவைத்து, லென்ஸ் மாற்றி மாற்றிப் படிக்கவைத்தவர்கள் ரிஃப்ராக்‌ஷனிஸ்டுகள். யாருக்கு எந்தச் சொட்டு என்று அவர்களுக்குத் தெரியாது. 'இன்னும் ஒரு வரி முயற்சி பண்ணுங்க' என்று அவர்கள் சிலரை மட்டும் தூண்டியிருந்தால் அந்த இரண்டு வரிக்கு என்ன மதிப்பு?

இன்னும் பின்னால் போகலாம். 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு மையம் தொடங்கியது. சானடோரியத்தில் படுக்கவைத்து, நல்ல சாப்பாடு போட்டு வைத்தியம் செய்தால்தான் காசநோய் குணமாகும் என்று நம்பிய காலம். 193 நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்துக்கும் மறு பாதியை அவரவர் வீட்டுக்கும் அனுப்பி, ஒரு வருடம் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1959-இல் வந்த முடிவு, வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள் என்பது. உலகமே சானடோரியங்களை மூட ஆரம்பித்ததில் அந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் வீட்டில் இருப்பவர் மாத்திரையை விழுங்கினாரா, கூரையில் செருகினாரா என்று எப்படித் தெரியும்? மையத்தின் களப் பணியாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் குடிசைகளுக்குப் போய் மிச்சமிருக்கும் மருந்தை எண்ணினார்கள். சிறுநீர் வாங்கிவந்து மருந்து சாப்பிட்டிருக்கிறாரா என்று சோதனை செய்தார்கள். ஆய்வுக்கூடப் பணியாளர்கள் சளியை வளர்த்துக் கிருமி இருக்கிறதா என்று மாதா மாதம் பார்த்தார்கள். இவர்கள் இல்லாவிட்டால் 'வீட்டிலும் குணமாகும்' என்பது வெறும் அபிப்பிராயமாக நின்றிருக்கும். ஃபார்ம் நிரப்பியவர்கள்தான் அவர்களும்.

நம் தொழிலைச் சேர்ந்தவரே தலைமை தாங்கிய ஆய்வும் உண்டு. உங்களுக்கு இது முக்கியம், ஏனென்றால் இதுவும் பக்கவாதம்தான். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜூலி பெர்ன்ஹார்ட் ஒரு பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்தவரை 24 மணி நேரத்துக்குள் படுக்கையை விட்டு எழுப்பி, அடிக்கடி உட்காரவைத்து நிற்கவைத்தால் நல்லது என்பது நம் எல்லோருக்கும் இருந்த நம்பிக்கை. அவர் தலைமையில் மலேசியா, சிங்கப்பூர் உள்பட 5 நாடுகளில் 56 மருத்துவமனைகள், 2104 நோயாளிகள். அவெர்ட் என்று பெயர். 2015-இல் முடிவு வந்தது, எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக. சீக்கிரமாகவும் அதிகமாகவும் எழுப்பிய குழுவில் மூன்றாவது மாதம் நல்ல நிலையில் இருந்தவர்கள் 46 சதவீதம். வழக்கமான கவனிப்பில் 50 சதவீதம். தன் நம்பிக்கைக்கு எதிரான முடிவை ஒரு தெரபிஸ்ட் தானே எடுத்து வெளியிட்டார் பாருங்கள், அது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

அதில் நான் இன்னும் ரசிப்பது வேறொன்று. ஒவ்வொரு தடவை எழுப்பும்போதும் எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம் என்று அங்கங்கே இருந்த பிசியோக்களும் நர்ஸ்களும் குறித்துவைத்தார்கள். அதனால்தான் முதல் குழுவினர் நடுமதிப்பாக 18.5 மணி நேரத்தில் எழுப்பப்பட்டார்கள், மற்றவர்கள் 22.4 மணி நேரத்தில் என்று துல்லியமாகத் தெரிந்தது. அதே குறிப்புகளை அடுத்த வருடம் கிளறிப் பார்த்தபோது, ஒரே மூச்சில் நீளமாக எழுப்பிவைப்பதைவிடக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி எழுப்புவது மேல் என்று ஒரு துப்பும் கிடைத்தது. 'பயிற்சி கொடுக்கப்பட்டது' என்று மட்டும் எழுதிவிட்டுப் போயிருந்தால் அது கிடைத்திருக்குமா? உங்கள் குறிப்பேட்டிலும் 'கைப்பயிற்சி ஆச்சு' என்று எழுதாதீர்கள். எந்த அசைவு, எத்தனை தடவை, எத்தனை நிமிடம், நடுவில் எதற்காக நிறுத்தினீர்கள். டாக்டரால் எழுத முடியாத பக்கம் அதுதான்.

நம் நாட்டிலும் ஒன்று சொல்கிறேன். 14 மருத்துவமனைகளில் 1250 பக்கவாத நோயாளிகளை வைத்து நடந்த அட்டெண்ட் ஆய்வு, 2017-இல் வெளியானது. குடும்பத்தாருக்கே பயிற்சி முறைகளைச் சொல்லிக்கொடுத்து வீட்டில் செய்யவைத்தால் பலன் இருக்குமா என்பது கேள்வி. கேட்கவே எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆறு மாதம் கழித்து இறந்தவர்களும் அடுத்தவர் துணை தேவைப்பட்டவர்களும் சேர்ந்து இரு குழுவிலும் 47 சதவீதம். வித்தியாசமே இல்லை. இங்கேயும் குழு தெரியாதவர்கள்தான் அளந்தார்கள். அதனால்தான் அந்த 'இல்லை'யை நம்ப முடிகிறது. உங்கள் ஆய்விலும் 'இல்லை' என்று வரலாம். அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது ஒப்புதல். 'உங்ககிட்டதான் நல்லா பேசுவாங்க' என்று டாக்டர் சொன்னது உண்மை. அந்த உண்மையில்தான் வில்லங்கமும் இருக்கிறது. தினமும் கையைப் பிடித்துப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒரு தாளை நீட்டினால் எந்தக் குடும்பம் மறுக்கும்? 'நீங்க சொன்னா சரிதாம்மா, எங்க போடணும்?' என்பார்கள். அது உங்கள்மேல் வைத்த நம்பிக்கை. ஆய்வுக்குத் தந்த ஒப்புதல் ஆகாது. வேண்டாம் என்றால் பயிற்சியை நிறுத்திவிடுவார்களோ என்ற பயமும் உள்ளே இருக்கும். முடிந்தால் ஒப்புதல் வாங்கும் வேலையை டாக்டரோ பயிற்சியில் சம்பந்தப்படாத வேறொருவரோ செய்யட்டும். நீங்கள்தான் செய்ய வேண்டும் என்றால், முதலில் சொல்ல வேண்டியது இது: 'சேரலைன்னாலும் நான் உங்களுக்கு இதே பயிற்சிய இதே மாதிரி கொடுப்பேன். நடுவுல விலகினாலும் அப்படித்தான்.' தமிழில் உள்ள தகவல் தாளைக் கையில் கொடுத்து, ஒரு ராத்திரி வீட்டில் எல்லோரும் படிக்கட்டும் என்று விடுங்கள். படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைப்பதாக இருந்தால், ஆய்வில் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூட இருந்து கையெழுத்துப் போட வேண்டும்.

பக்கவாதத்தில் பேச்சும் போனவர்கள் இருப்பார்களே? அவர்களுக்குப் புரியவில்லை என்று நாமே முடிவுகட்டி, மகனிடம் கையெழுத்து வாங்கிவிடுகிற வழக்கம் எனக்குப் பிடிக்காது. பேச முடியாதவருக்குப் புரிந்துகொள்ள முடியலாம். உங்கள் மருத்துவமனையில் ஸ்பீச் தெரபிஸ்ட் இருந்தால் கூப்பிடுங்கள். படம் காட்டி, சின்னச் சின்ன வாக்கியமாகக் கேட்டு, நோயாளிக்கு எட்டுகிறதா என்று சொல்ல அந்தத் தெரபிஸ்டால் முடியும். உண்மையாகவே எட்டவில்லை என்றால் அப்புறம் சட்டப்படி அவருக்காகப் பேசக்கூடியவரிடம் போகலாம்.

பேப்பர் வேலை பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் ஏழு வருட அனுபவசாலி. ஆய்வை ஒழுங்காக நடத்தும் முறைகளைச் சொல்லித்தரும் ஜிசிபி பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். ஆய்வில் யாருக்கு என்ன பொறுப்பு என்று டாக்டர் கையெழுத்திட்ட ஒரு பட்டியல் இருக்கும், டெலிகேஷன் லாக் என்பார்கள். அதில் உங்கள் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறதோ அதை மட்டும் செய்யுங்கள். செய்ததற்கு மட்டும் கையெழுத்துப் போடுங்கள். தப்பாக எழுதினால் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கக் கையொப்பமும் தேதியும் போட வேண்டும். வொயிட்னர் பாட்டிலை அந்த அறைக்குள்ளேயே விடாதீர்கள். பன்னிரண்டு வருகைகளை ஒரே நாளில் ஒரே பேனாவில் எழுதினால் தணிக்கைக்கு வருபவருக்குத் தாளைத் திருப்பியதுமே தெரிந்துவிடும். அடுத்த நோயாளிக்கு எந்தக் குழு என்ற சீட்டு இருக்கும் கவர்களும் உங்கள் மேஜையில் இருக்கக் கூடாது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும் சபலம் நல்லவர்களுக்கும் வரும்.

ஒன்றை மட்டும் விடாதீர்கள். பயிற்சியின்போது ஒருவர் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அதை முதலில் பார்ப்பது நீங்கள்தான். மருந்துச் சோதனைகளுக்கான 2019 விதிகளில், இப்படிப்பட்ட கடுமையான பாதிப்பு நடந்த 24 மணி நேரத்துக்குள் ஆய்வாளர் தெரிவித்தாக வேண்டும் என்று இருக்கிறது. உங்களுடையது மருந்து ஆய்வு இல்லைதான், ஆனால் அதே அவசரத்தோடு டாக்டருக்கும் எதிக்ஸ் கமிட்டிக்கும் போக வேண்டும். 'பயிற்சியால விழல, அவரே வழுக்கி விழுந்தார்' என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். நடந்ததை எழுதுங்கள். காரணம் எது என்பதை அவர்கள் பார்க்கட்டும்.

இடம் இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். காகிதத்திலும் இருக்கிறது. 2021-இல் வந்த, மருத்துவம் சார்ந்த துணைத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் நம்மைப் போன்ற 56 தொழில்களைப் பட்டியலிட்டு அங்கீகரித்திருக்கிறது. பிசியோதெரபி அதில் ஹெல்த்கேர் புரொஃபஷனல் என்ற வகையில் வருகிறது. மருந்துச் சோதனையில் மருத்துவ முடிவுகளுக்கு மருத்துவர்தான் பொறுப்பு, அதில் மாற்றமில்லை. ஆனால் பயிற்சி ஆய்வுகளுக்கு பிசியோதெரபிஸ்டுகளே முதன்மை ஆய்வாளராக இருப்பது நம் நாட்டில் புதிதல்ல. நம் நாட்டில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளைப் பதிவு செய்யும் சிடிஆர்ஐ பதிவேட்டைத் திறந்து பார்த்தால் முதுகலை பிசியோதெரபி மாணவர்களின் ஆய்வுகளே ஏராளமாகக் கிடைக்கும்.

அந்தப் பதிவேட்டைச் சொன்னதும் ஞாபகம் வருகிறது. உங்கள் ஆய்வுக்கு சிடிஆர்ஐ எண் வாங்கியாகிவிட்டதா என்று கேளுங்கள். 2018 ஏப்ரலிலிருந்து, முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு செய்தால்தான் எண் கிடைக்கும். எதிக்ஸ் கமிட்டி அனுமதிக் கடிதத்தையும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். 'வந்துடும், நாம ஆரம்பிப்போம்' என்றால் நீங்கள் ஆரம்பிக்காதீர்கள்.

சம்பளம். இதில் கூச்சப்பட வேண்டாம். 'ஒரு அரை மணி நேரம்தானே' என்பார்கள். கையின் மதிப்பெண்ணை ஒழுங்காக எடுப்பதற்கே அந்த அரை மணி போய்விடும். பயிற்சி, குறிப்பு, போன் போட்டு மறுபடி வரச் சொல்வது எல்லாம் தனி. ஒரு நோயாளிக்கு எத்தனை மணி நேரம், மொத்தம் எத்தனை நோயாளிகள் என்று பெருக்கி ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வெளி நிதி வருகிற ஆய்வென்றால் ஊழியர்களுக்கென்று ஒரு தொகை ஒதுக்க வழி இருக்கும். நிதியே இல்லாத ஆய்வென்றால் பணத்துக்குப் பதில் நேரத்தைக் கேளுங்கள், உங்கள் அன்றாட நோயாளிகளில் சிலரை வேறொருவர் பார்க்கட்டும். இரண்டும் இல்லை என்றால், ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி கதைதான்.

பேப்பரில் பெயர் என்பது டாக்டரின் பெருந்தன்மையைப் பொறுத்தது இல்லை. மருத்துவ இதழ்கள் பின்பற்றும் ஐசிஎம்ஜேஇ விதி இருக்கிறது. ஆய்வை வடிவமைப்பதிலோ தரவு திரட்டுவதிலோ கணிசமான பங்கு, கட்டுரையை எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, கடைசி வடிவத்துக்குச் சம்மதம், உள்ளே இருப்பதற்குப் பொறுப்பேற்பது, இந்த நான்கும் சேர்ந்தால்தான் ஆசிரியர். வெறுமனே தரவு திரட்டியதால் மட்டும் பெயர் வராது என்று இதைக் காட்டிச் சிலர் வெட்டிவிடுவார்கள். அதே விதியில் அடுத்து இருப்பதைச் சொல்ல மாட்டார்கள். முதல் நிபந்தனையை நிறைவேற்றியவருக்கு வரைவைப் படித்துத் திருத்தும் வாய்ப்பைத் தர வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. ஆகவே, 'வரைவு எழுதும்போது பயிற்சிமுறைப் பகுதியை நான் எழுதித் தரேன் டாக்டர்' என்று இப்போதே சொல்லிவையுங்கள். அந்தப் பகுதியை உங்களைவிட நன்றாக அவரால் எழுத முடியாது, அவருக்கும் அது தெரியும்.

டாக்டரிடம் பேசும்போது 'நான் அளக்க மாட்டேன்' என்று தொடங்காதீர்கள், மறுப்பதாகத் தோன்றும். 'நான் அளந்தா நல்ல ஜர்னல்ல கேள்வி கேப்பாங்க டாக்டர், அளக்க வேற ஆள் ஏற்பாடு பண்ணலாமா?' என்று கேளுங்கள். காது கொடுப்பார். வேறு ஆள் எங்கே என்பார். பக்கத்துத் துறையில் எலும்பு நோயாளிகளைப் பார்க்கும் பிசியோ, அல்லது வேறு மருத்துவமனையிலிருந்து மாதம் இருமுறை வரக்கூடிய ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். அதுவும் முடியாவிட்டால், நோயாளி சம்மதத்தோடு அசைவுகளை வீடியோ எடுத்து, வெளியூரில் ஒருவர் பார்த்து மதிப்பெண் போடட்டும். யாராக இருந்தாலும், தொடங்குவதற்கு முன் நீங்கள் இருவரும் சேர்ந்து ஐந்தாறு நோயாளிகளுக்குத் தனித்தனியே மதிப்பெண் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். முழங்கையில்தான் சண்டை வரும் என்று பந்தயம் கட்டலாம்.

அளக்கும் அறையின் கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள். 'என்ன பயிற்சி செய்தீர்கள் என்று உள்ளே இருப்பவரிடம் சொல்லாதீர்கள்.' கூட வருகிற மனைவியிடமும் மகளிடமும் வாயாலும் சொல்லிவிடுங்கள், அவர்கள்தான் முதலில் சொல்வார்கள். அப்படியும் யாராவது ஒருவர் உள்ளே போய் உட்கார்ந்ததும், 'அந்தப் புதுப் பயிற்சியத் தினமும் விடாம செய்றேன் மேடம்' என்று ஆரம்பித்துவிடுவார். அவரைத் திட்ட முடியாது. படிவத்தின் கடைசியில் ஒரு வரி விட்டுவைத்து, அளப்பவருக்குக் குழு தெரிந்துவிட்டது என்று தேதியோடு எழுதச் சொல்லுங்கள்.